காப்பி கொடுத்த கடையில் வாங்கிய ட்ராக்டர்

ஜார்ஜ்டவுனில் கப்பல் சரக்குகளுக்கு இன்சூரன்ஸ் பத்திரம் தயாரிக்கும் கம்பெனியில் வேலை, அதே தீவில் கெலுகோரில் பதினோராம் மாடியில் வீடு. இவனுக்கு எதற்கு ட்ராக்டர் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். என் பெயரில் ஒரு ட்ராக்டர் இருந்தது உண்மைதான். நான் அதை ஒரே ஒரு முறைதான் ஓட்டியிருக்கிறேன். அதுவும் ஷோரூம் வாசலில், பத்தடி தூரம், போட்டோவுக்காக.

பாலம் தாண்டி அக்கரையில், பெயர் ஒன்றுபோல இருந்தாலும் வேறு ஊரான தாசேக் கெலுகோர் பக்கம், அப்பா வாங்கிப்போட்ட ஒன்பது ஏக்கர் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டம், எங்களுக்கு உண்டு. நிலம் என் பெயரில். பழம் விற்கும் லைசென்ஸும் என் பெயரில். ஆனால் அங்கேயே குடியிருந்து, உரம் போட்டு, ஆள் வைத்துக் குலை வெட்டி, அதை ட்ராக்டரில் ஏற்றிக்கொண்டு போவது என் தங்கை. அவள் கணவர் பிறை டவுனில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். கொசுவுக்குப் பயந்து மரத்தடிப் பக்கமே தலைகாட்ட மாட்டார். தங்கைக்கு இப்போது நாற்பத்தாறு வயது. ட்ரெய்லரைப் பின்பக்கமாக ஓட்டி இரண்டு மரங்களுக்கு நடுவே நிறுத்துவதில் அந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஒன்பது ஏக்கரை மட்டும் நம்பி ஒரு ட்ராக்டர் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் அவள் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்கள் ஐந்து பேருடைய குலைகளையும் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுப்பாள். வெட்டிய குலை மறுநாளே ரேம்ப்புக்குப் போய்ச் சேர வேண்டும். ரேம்ப் என்பது பழத்தை எடை போட்டு வாங்கி ஆலைக்கு அனுப்பும் இடம். இரண்டு மூன்று நாள் தரையில் கிடந்த பழம் என்றால் எடை போடுகிறவன் முகத்தைச் சுளிப்பான், தரத்தைக் குறைப்பான். ஆகவே குலை ஏற்றுகிறவர் சொன்ன நாளில் வந்து நிற்க வேண்டும். என் தங்கை ஆறு வருடமாகச் சொன்ன நாளில் போய் நின்றாள். நிலம் அப்பா கொடுத்தது, லைசென்ஸ் அண்ணன் பெயரில், வீட்டுச் செலவு கணவர் சம்பளத்தில். அந்த ஐந்து பேர் மட்டும்தான் அவளாகப் போய்ப் பேசி, அவளாகச் சம்பாதித்த வாடிக்கை. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனாலும் எங்களுக்குத் தெரியும்.

பழைய ட்ராக்டர் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. டவுனுக்குப் போகும் சாலையில் ஒரு சீன முதலாளியின் கடை இருக்கிறது, தவுக்கே கடை என்போம், அங்கே எடுத்தது. வயதாகிப் புகை கக்க ஆரம்பித்ததும், இனிமேல் இதற்குச் செலவு செய்யாதே என்று அந்தத் தவுக்கேயே தங்கையிடம் சொல்லிவிட்டார். புதிதாக ஒன்று எடுப்பது என்று முடிவானது. எந்த பிராண்ட் என்ற பேச்சு வந்தபோது நான் நடுவில் வந்தேன். காகித வேலை என்றால் எங்கள் வீட்டில் நான்தான்.

முதலில் தவுக்கே கடைக்குப் போனோம். தரை முழுக்க எண்ணெய்க் கறுப்பு. மூன்று சுவரிலும் கூரை வரைக்கும் சாமான். பால்மாவு டின்னிலும் பிஸ்கட் டின்னிலும் நட்டும் சீலும் பெல்ட்டுமாக அடைந்து கிடந்தன. தவுக்கே மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை. எனக்கு உட்கார ஒரு நாற்காலி இல்லை. இந்த மாடலுக்கும் அந்த மாடலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். எதை எடுத்தாலும் ஒருநாள் கெட்டுப்போகும், கெட்டால் என்னிடம் சாமான் இருக்கிறது என்று மலாயில் சொல்லிவிட்டு மறுபடியும் மீயில் குனிந்துகொண்டார். விற்கிற பொருள் கெட்டுப்போகும் என்று சொல்லி வியாபாரம் செய்கிறவரை அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

வெளியே வந்ததும் தங்கை சொன்னாள்: "இங்கயே எடுப்போம் லா அண்ணே. இவரு மெக்கானிக் கூப்பிட்டா மோட்டர்சைக்கிள எடுத்துக்கிட்டு வந்துடுவாரு."

புது வண்டிக்கு எதற்கு மெக்கானிக் என்று நான் சிரித்தேன். நல்ல நகைச்சுவை சொல்லிவிட்டதாக வேறு நினைப்பு.

இரண்டாவது இடம் நெடுஞ்சாலை ஓரத்தில் கண்ணாடி ஷோரூம். ஏர்கான். தரையில் முகம் பார்க்கலாம். வாசலிலேயே ஒரு சேல்ஸ்மேன் வந்து கை குலுக்கினார். தமிழர். என்னைப் பார்த்து சார் என்றார், தங்கையைப் பார்த்து அக்கா என்றார். உட்காருவதற்குள் காப்பி வந்தது. என் வேலையைப் பற்றி விசாரித்தார். கப்பல் பத்திரமெல்லாம் சாதாரண வேலையா சார் என்று வியந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ட்ராக்டரைப் பற்றி அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் புரிந்தவன் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன், அவரும் புரிந்தவனிடம் பேசுகிற மாதிரியே பேசினார். சர்வீஸ் எப்படி என்று தங்கை கேட்டாள். அதற்கு அவர் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"நம்மாளுக்கு நம்மாளு செய்யலன்னா வேற யாரு சார் செய்வா? ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கூப்பிடுங்க, வந்து நிக்கிறேன்."

பதினைந்து வருடம் காப்புறுதிப் பத்திரங்களின் சின்ன எழுத்தையெல்லாம் படித்துப் பிழைத்தவன் நான். அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்தேன். அன்றே எடுப்பது என்று சொல்லிவிட்டேன். தங்கை மறுபடியும் தவுக்கே கடையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள். சேல்ஸ்மேன் முன்னால் என்ன பேச்சு என்று கண்ணால் அடக்கினேன்.

வண்டி வாங்கும் பாரத்தை, அதாவது விண்ணப்பத்தாளை, நிரப்பும்போது கான்டேக்ட் நம்பர் என்ன என்று சேல்ஸ்மேன் கேட்டார். தங்கை பக்கத்தில்தான் நின்றாள். நான் என் நம்பரைச் சொன்னேன். முகவரிக்கு என் பதினோராம் மாடியைச் சொன்னேன். எங்கள் வீடுகளில் அப்படித்தான். ரேஷன் கார்டு காலத்திலிருந்து தாத்தாவுக்கு அப்புறம் அப்பா, அப்பாவுக்கு அப்புறம் அண்ணன் என்று பாரத்தில் ஓர் ஆம்பிளைப் பெயர் இருந்தாக வேண்டும். ஓட்டப்போகிறவள் அவள், வண்டி நிற்கப்போவது அவள் வீட்டில், கெலுகோரில் என் கார் நிறுத்தவே இடம் கிடையாது. இதெல்லாம் அந்த நிமிடத்தில் எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வண்டி வந்த அன்று கோயிலில் பூஜை. சேல்ஸ்மேனே மாலையும் எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பட்டு ஜிப்பா வேறு. சக்கரத்துக்கு ஒன்றாக நாலு பழத்தைத் தன் கையாலேயே வைத்தார். வண்டி நசுக்கிக்கொண்டு முன்னேறியபோது எங்களைவிட முதலில் கை தட்டியது அவர்தான். என் மைத்துனரே லீவு போடாத நாளில் யாரோ ஒருவர் வந்து நிற்கிறாரே என்று பிரசாதத்தை முதலில் அவர் கையில்தான் கொடுத்தேன். இதுதான் சப்போர்ட், இதைத் தவுக்கே செய்வாரா என்று தங்கையிடம் கேட்டேன். அவள் சூடம் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழரைக்கு அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் வரும். ஒருநாள் முருகன், ஒருநாள் ரோஜாப்பூ, ஒருநாள் சூரிய உதயம். நானும் விடாமல் கும்பிடு போட்டு அனுப்புவேன்.

ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை. எட்டாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தங்கை போன் செய்தாள். ட்ரெய்லர் பழத்தைக் கொட்டுவதற்கு மேலே எழும்ப ரொம்ப நேரம் எடுக்கிறது, அடியில் எண்ணெய் ஒழுகுகிறது என்றாள். எனக்கு அன்று ஒரு கப்பலுக்குப் பத்திரம் முடிக்க வேண்டிய நாள். எண்ணெய் ஊற்றி ஓட்டிக்கொண்டிரு, நான் அவர்களிடம் பேசுகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை மறுபடியும் கூப்பிட்டாள். ஸ்டீயரிங் திரும்பவே இல்லை, ஏற்றிய குலைகளோடு பாக்சிக் தோட்டத்துக்கு நடுவில் வண்டி நின்றுவிட்டது என்றாள். பாக்சிக் அந்த ஐந்து பேரில் முதல் ஆள், வயதான மலாய்க்காரர், அவளை நம்பி முதன்முதலில் குலை கொடுத்தவர். அன்று மாலை வரைக்கும் தங்கையும் குலை வெட்டும் ஆட்கள் இரண்டு பேரும் கம்பியால் குத்திக் குத்தி அவ்வளவு குலையையும் கையாலேயே இறக்கினார்கள்.

நான் உடனே சேல்ஸ்மேனுக்குப் போன் அடித்தேன். குரலில் அதே தேன். ஆனால் சர்வீஸ் வேறு டிபார்ட்மெண்டாம். ஒரு நம்பர் கொடுத்தார். அந்த நம்பரில் பாட்டுப் போட்டார்கள், ஒன்றை அழுத்து என்றார்கள், மூன்றை அழுத்து என்றார்கள், மறுபடியும் பாட்டுப் போட்டார்கள். இருபத்தைந்து நிமிடம் கழித்து ஒரு குரல் விவரமெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, ஆள் அனுப்புகிறோம் என்றது. சனி போயிற்று, ஞாயிறு போயிற்று. திங்கள் காலை ஏழரைக்குத் தாமரைப்பூ வந்தது. போனை ஜன்னல் வழியாக வீசலாம் போல இருந்தது. பதினோராம் மாடி, கீழே யார் தலையிலாவது விழும் என்று விட்டேன்.

வியாழக்கிழமை நான் வேலைக்குக் கிளம்பும் நேரம் கீழேயிருந்து காவலாளி கூப்பிட்டார். ட்ராக்டர் ரிப்பேருக்கு ஆள் வந்திருக்கிறது, ட்ராக்டரை எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்குச் சிரிப்பு. இறங்கிப் போனேன். கார் நிறுத்துமிடத்தில் சீருடை போட்ட ஒரு டெக்னிஷியன், கையில் பெரிய கருவிப்பெட்டியோடு, என் அடுக்குமாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தாளில் இருந்தது என் முகவரி. வண்டி அக்கரையில், தாசேக் கெலுகோரில் இருக்கிறது, என் காரிலேயே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். இன்றைக்குத் தீவுக்குள் மட்டும்தான் வேலை கொடுத்திருக்கிறார்கள், பாலம் தாண்டினால் வேறு ஜாப் ஷீட் வேண்டும் என்றார். வேறு ஷீட் எப்போது கிடைக்கும்? அடுத்த வாரம். நான் கத்தினேன். சந்தைக்குப் போய் வந்த பெண்களெல்லாம் நின்று பார்த்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வந்து போனதற்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று தாளை நீட்டினார். போட்டுத் தொலைத்தேன்.

அடுத்த செவ்வாய் ஒருவழியாக நிலத்துக்கே வந்து சேர்ந்தார். நானும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். அரை மணி நேரம் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். ஹைட்ராலிக் பம்ப் மொத்தமாகப் போய்விட்டது, ட்ரெய்லரைத் தூக்குவதும் ஸ்டீயரிங்கைத் திருப்புவதும் அதுதான், ஸ்டாக் இல்லை, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒழுக ஆரம்பித்த அன்றே வண்டியை நிறுத்தியிருந்தால் ஒரு ரப்பர் சீல் மாற்றுகிற வேலைதான், ஓட்டி ஓட்டித்தான் பம்ப் எரிந்திருக்கிறது என்று சேர்த்துச் சொன்னார். எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. பத்து நாள் கழித்து வந்த நீ எனக்குப் பாடம் நடத்துகிறாயா என்று கேட்டேன். தங்கை அவருக்கு மைலோ கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு அதுவும் ஆத்திரமாக இருந்தது.

இதற்குள் எங்கள் நிலத்துப் பழம் கெடாமல் இருக்க அவள் வேறொரு ட்ராக்டர்காரரை வாடகைக்குப் பிடித்திருந்தாள். அந்த ஐந்து பேரின் பழத்தையும் அவரை வைத்தே ஏற்றினாள். சொன்ன நாள் தவறக்கூடாது என்பதற்காக, கையில் ஒன்றும் மிஞ்சாமல், தானே அவருடன் நடந்துபோய் எந்தத் தோட்டம் எங்கே, எந்தப் பாதையில் மழைக்குச் சக்கரம் புதையும், யார் வீட்டில் நாய் கடிக்கும் என்று எல்லாம் காட்டிக் கொடுத்தாள். இரண்டு சுற்று ஏற்றியதும் அந்த ஆளுக்கு வழி பழகிவிட்டது. மூன்றாவது சுற்றுக்கு அவர் அவளைக் கேட்காமலே போனார். முதலில் பாக்சிக் தோட்டம், அடுத்து மற்ற நாலும்; ஏற்றுக்கூலி இனி அவருக்கே.

பாக்சிக் மறுநாள் தங்கை வீட்டுக்கு வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன். ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை அம்மா, என் பழம் தரையில் கிடக்கக்கூடாது, அவ்வளவுதான் என்றார். தங்கை, பரவாயில்லை பாக்சிக், பழம் முக்கியம் என்று மலாயில் சொல்லிச் சிரித்தாள். அவர் போன பிறகு அந்த வாழைத்தாரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சமையற்கட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். எனக்கு அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை. இதை உண்டாக்கியவனைச் சும்மா விடக்கூடாது என்று முடிவு செய்தேன். அடுத்த சனிக்கிழமை ஷோரூமுக்குக் கிளம்பினேன்.

ஷோரூம் நடுவில், விளக்கு வெளிச்சத்தில், எங்கள் மாடலே புதுசாக ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஒரு தூசி இல்லை. நான் நேராக அதன் அருகில் போய்க் குனிந்து பார்த்தேன். பம்ப் இருந்தது. எங்கே இருக்கும் என்று அந்த ஒரு மாதத்தில் எனக்கே தெரிந்துவிட்டிருந்தது. மேனேஜரைக் கூப்பிட்டு, இதைக் கழற்றி எங்கள் வண்டியில் போடுங்கள், எங்களுக்கு வருகிறதை இதில் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். டிஸ்ப்ளே யூனிட்டில் கைவைக்க அனுமதி இல்லை சார் என்றார். ஓடாத வண்டிக்குப் பம்ப் எதற்கு என்று கேட்டேன். பாலிசி என்றார். யார் போட்ட பாலிசி? தலைமை அலுவலகம். தலைமை அலுவலகத்தில் யார்? அதற்கு ஒரு ஈமெயில் முகவரி இருக்கிறதாம். இதற்குள் சேல்ஸ்மேன் காப்பியோடு வந்துவிட்டார். காப்பி வேண்டாம், பம்ப் கொடு என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். மூலையில் ட்ராக்டர் பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் எழுந்து போயிற்று. உண்மையைச் சொன்னால் அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

என்னைச் சர்வீஸ் கவுண்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண், தங்கை மகள் வயது இருக்கும். செவ்வாய்க்கிழமை கெட்ட வண்டிக்கு ஒரு மாதமாக நாடகம் ஆடுகிறீர்கள் என்று ஆரம்பித்தேன். அவள் விசைப்பலகையில் தட்டிப் பார்த்துவிட்டு, எங்களுக்குச் சொன்னது வெள்ளிக்கிழமை என்றாள். பொய் என்றேன். அவள் கோபப்படவில்லை. திரையை என் பக்கம் திருப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை என் நம்பரிலிருந்து போன் வந்தது பதிவாகியிருந்தது. அதற்கு மேலே இன்னொரு வரி. புதன்கிழமை காலை எட்டே கால் மணி. ஒரு பெண் போன் செய்திருக்கிறாள், எண்ணெய் ஒழுகுகிறது, ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறாள், பதிவில் இல்லாத நம்பர், உரிமையாளரையே கூப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டோம் என்று எழுதியிருந்தது. மறுபடியும் அதே நாள் பதினொரு மணிக்கு அதே நம்பர், அதே பதில்.

ஒழுகுகிறது என்றால் என்ன, ஒரு ஆளை அனுப்பினால் என்ன என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். ஆனால் குரல் முன்பு மாதிரி வரவில்லை. சிஸ்டம் அனுமதிக்காது, உரிமையாளர் ஒரே ஒரு போன் செய்திருந்தால் மறுநாளே சீல் மாற்ற ஆள் போயிருக்கும், சீல் ஸ்டாக் இருந்தது என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை. திரையில் இருந்ததைப் படித்தாள்.

அங்கிருந்து தாசேக் கெலுகோருக்கு எப்படி ஓட்டிக்கொண்டு போனேன் என்று தெரியவில்லை. வழியெல்லாம் தங்கை மேல்தான் கோபம். அவர்களிடம் பேசியதை ஏன் என்னிடம் மறைத்தாள்? தெரிந்திருந்தால் அன்றே பேசியிருப்பேனே, ஷோரூமில் இந்த அவமானம் எனக்குத் தேவையா என்று காருக்குள்ளேயே அவளைத் திட்டிக்கொண்டு போனேன்.

அவள் வீட்டுக்குப் பின்னால், நின்றுபோன ட்ராக்டர் பக்கத்தில் உட்கார்ந்து உதிரிப் பழம் பொறுக்கும் சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் காரை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டேன். புதன்கிழமை நீ கம்பெனிக்கு இரண்டு தடவை போன் செய்ததை ஏன் என்னிடம் சொல்லவில்லை, உரிமையாளர் பேச வேண்டும் என்று அவர்கள் சொன்னதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உன்னையக் கூப்பிடச் சொன்னாங்கண்ணே. உன்னத்தான் முந்தின நாளே கூப்பிட்டுட்டேனே."

அடுத்த சாக்கை எடுத்தாள். நான் அந்தச் செவ்வாயை யோசித்துப் பார்த்தேன். கப்பல் பத்திரம் ஐந்து மணிக்கே முடிந்திருந்தது. புதன்கிழமை எனக்கு அப்படி ஒன்றும் வேலை இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் நண்பர்களோடு உட்கார்ந்து தோசை சாப்பிட்டேன். அங்கே யாரோ ட்ராக்டர் எப்படி ஓடுகிறது என்று கேட்டார்கள், சர்வீஸ் பிரமாதம் என்று சொல்லியிருக்கிறேன். எனக்குத் தங்கையின் போன் ஞாபகமே வரவில்லை. சேல்ஸ்மேனுக்கு மட்டும் அந்த மூன்று நாளும் கும்பிடு அனுப்பியிருக்கிறேன். போனை எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. அந்தக் கம்பெனி உருப்படாது என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பம்ப் ஐந்தாவது வாரம் வந்தது. நாற்பது நிமிடத்தில் மாட்டிவிட்டார்கள். அன்று மாலையே என் போனுக்கு ஒரு செய்தி வந்தது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று. ஓட்டுகிறவளைக் கேள் என்று எழுதினேன். அது கணினி அனுப்பிய செய்தி, நான் எழுதியது அதற்குப் புரியவில்லை. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை அனுப்பவும் என்று திரும்ப வந்தது. ஐந்து பேரில் இரண்டு பேர் தங்கையிடம் திரும்பி வந்தார்கள். பாக்சிக் வரவில்லை. வாரத்துக்கு ஒருமுறை அந்த ட்ராக்டர்காரர் பாக்சிக்கின் குலைகளோடு அவள் வீட்டு வாசல் வழியாகத்தான் ரேம்ப்புக்குப் போவார். அவள் கையசைப்பாளாம். அவரும் ஹாரன் அடிப்பாராம்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம் தங்கை என் அலுவலகத்துக்கு வந்தாள். அவள் ஜார்ஜ்டவுனுக்கு வருவதே அபூர்வம். பக்கத்துக் கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். பையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்து மேசையில் வைத்தாள். தவுக்கே கடைப் பாரம். ஓரத்தில் எண்ணெய்க் கறை. எங்கள் ட்ராக்டரை அவரிடம் கொடுத்துவிட்டு அவர் பிராண்டில் ஒன்றை எடுக்கிறாள். கொடுக்கிற வண்டி என் பெயரில் இருப்பதால் என் கையெழுத்து மட்டும் வேண்டுமாம்.

எனக்குச் சுருக்கென்றது. விலை பேச நான் வரட்டுமா என்றேன். பேசி முடித்தாயிற்று என்றாள். இந்தத் தடவை எந்த மாடல், எத்தனை குதிரைசக்தி என்று கேட்டேன். மாடல் பெயர் அவளுக்குச் சட்டென்று வரவில்லை. மெக்கானிக்கின் வீடு அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி என்றாள். அவர் மனைவி அவளுக்குப் பழக்கமாம். பம்ப் எந்த டின்னுக்குப் பின்னால் இருக்கிறது என்று தவுக்கே காட்டினாராம்.

கொடுக்கிறவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கீழே வாங்குகிறவர் என்ற இடத்தில் அவள் பெயர், அவள் முகவரி, அவள் நம்பர், எல்லாம் அவள் கையெழுத்தில் நிரப்பியிருந்தது. அதற்கும் கீழே ஒரு கட்டம் காலியாக இருந்தது. முதல் நம்பர் கிடைக்காவிட்டால் கூப்பிட இன்னொரு நம்பர் என்று போட்டிருந்தது. பேனா என் கையில்தான் இருந்தது. என் நம்பரை எழுதட்டுமா என்று கேட்டேன்.

அவள் சோற்றிலிருந்து நிமிர்ந்து பாரத்தைப் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் புரியவில்லையோ என்று விளக்குகிற மாதிரிதான் சொன்னாள்.

"அது அவசரத்துக்குண்ணே."

பேனாவை மூடி அவளிடம் கொடுத்தேன்.